பலூன் பஸ் ஏன் சாய்கிறது?

கேள்வி: சுற்றுலாவுக்கு விடும் ஏர் சஸ்பென்ஷன் பஸ் (காற்றடைத்த ரப்பர் பலூன்கள் பாடியைத் தாங்கும் பஸ்) ஒன்று வைத்திருக்கிறேன். பலூன்களில் காற்றை ஏற்றி இறக்கி உயரத்தைச் சீராக வைக்கும் லெவலிங் வால்வு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பின்பக்கம் இடதுபுறம் இரண்டு விரல்கடை தாழ்ந்து நின்றது. பட்டறையில் இடப்பக்க லிங்க் ராடை (வால்வின் கையை ஆக்சிலோடு இணைக்கும் கம்பியை) நீட்டி நிமிர்த்தினார்கள். இப்போது ஓட்டும்போது அடியில் அதிர்வு வருகிறது. இரவு நிறுத்தினால் காலையில் பழையபடி சாய்ந்திருக்கிறது. உயரத்தை நாங்களே சரிபார்க்கலாமா? – வாசகர், நாமக்கல்

பதில்: சரிபார்க்கலாம். அதுவரை அந்த ராடை யாரும் தொட வேண்டாம்.

இரவில் சாய்ந்து, என்ஜினை ஓட்டி டேங்கில் காற்று நிறைந்ததும் நிமிர்ந்துவிட்டால், அது கசிவு. ராடின் நீளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடப்பக்கப் பலூனின் மடிப்பு, குழாய் இணைப்புகள், வால்வின் காற்று வெளியேறும் துளை ஆகிய இடங்களில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கசிவை அடைக்காமல் ராடை நீட்டுவதால், பகலில் பஸ் தேவைக்கு மேல் எழும்பி நிற்கிறது. பின்பகுதி எழும்பினால், சக்கரங்களுக்கு என்ஜின் விசையைக் கடத்தும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் சாய்கோணம் மாறும். உங்கள் அதிர்வுக்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

கசிவு நின்ற பிறகு அளவெடுங்கள். பஸ் காலியாக இருக்க வேண்டும். சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டேங்கில் காற்று முழு அழுத்தத்துக்கு ஏறும்வரை காத்திருங்கள். டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதை விடாதீர்கள். ஒரு பக்க டயர் தேய்ந்தோ காற்று குறைந்தோ இருந்தால், சஸ்பென்ஷன் சரியாக இருந்தாலும் பஸ் சாய்ந்துதான் நிற்கும். வால்வுக்குத் தெரிவது ஆக்சிலுக்கும் (சக்கர அச்சு) சேஸிஸுக்கும் (அடிச்சட்டம்) உள்ள இடைவெளி மட்டுமே. தரை அதற்குத் தெரியாது. ஆகவே பாடியின் விளிம்பிலிருந்து தரைவரை டேப் பிடிக்காதீர்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் காட்டும் இரு புள்ளிகளுக்கு நடுவே அளந்து, அதில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். வேறு வண்டியின் எண் உதவாது.

அளப்பதற்கு முன் இன்னொரு வேலை. சேஸிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுக்காமல் யாரும் உள்ளே போகக் கூடாது. பலூனையும் ஜாக்கியையும் மட்டும் நம்பவே கூடாது. லிங்க் ராடைக் கழற்றியதும் வால்வின் கை கீழே விழுந்தால் காற்று வெளியேறி, மொத்தப் பாடியும் இறங்கிவிடும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

அளவு மாறியிருந்தால் மட்டும் ராடைத் திருத்துங்கள். வால்வு சேஸிஸிலும் ராடின் கீழ்முனை ஆக்சிலிலும் இருக்கும் அமைப்பில், ராடை நீட்டினால் வண்டி உயரும், குறுக்கினால் தாழும். கொஞ்சமாகத் திருத்துங்கள். சில வால்வுகள் குழிக்குக் குழி காற்றை வீணாக்காமல் இருக்கச் சற்றுத் தாமதித்தே வேலை செய்யும். எனவே திருத்தியதும் காத்திருங்கள். பிறகு காற்றை இறக்கி மீண்டும் நிரப்பி, வண்டி தானாக வந்து நிற்கும் உயரத்தை அளங்கள். ஒரு மூலையைத் தொட்டால் மற்ற இடங்களிலும் அளவு நகரும். மூன்று வால்வுகளின் அளவையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

முன்பக்கம் ஒரே வால்வு இரு பலூன்களுக்கும் காற்று தருவதால், பஸ்ஸின் இடவலச் சாய்வை அது திருத்தாது. முன்பக்கம் சாய்ந்து தெரிந்தாலும் பின் வால்வுகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ராடு வளைந்திருக்கிறதா, அதன் ரப்பர் முனைகள் தளர்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். தளர்ந்த முனையோடு எடுத்த அளவு நாளைக்கே மாறிவிடும். புதியதைப் போட்டுவிட்டு அளங்கள். அளவு சரியான பிறகும் அதிர்வு நீடித்தால், ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்டை (கோணத்தில் இருந்தாலும் ஷாஃப்ட்டைச் சுழலவிடும் இணைப்பை) சோதிக்கச் சொல்லுங்கள். தவறான கோணத்தில் ஓடியதில் அது தேய்ந்திருக்கக்கூடும்.