விலைபோனாரா கெயின்ஸ்பரோ?

கேள்வி: ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ, உருவப்படம் வரைந்து அலுத்துவிட்டது என்றும், ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் நிலக்காட்சிகளைத் தீட்டிக்கொண்டு வாழ வேண்டும் என்றும் நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆனாலும் கடைசிவரை பிரபுக்களையும் சீமாட்டிகளையும் வரைந்தே பணம் சேர்த்தார். மனத்துக்குப் பிடித்ததைக் கைவிட்டு, பணக்காரர்களின் முகத்தை அழகுபடுத்தி விற்ற ஒருவரை மாபெரும் கலைஞர் என்று கொண்டாடுவது எந்த விதத்தில் நியாயம்?

பதில்: அந்தக் கடிதத்தின் முதல் பாதியைத்தான் நீங்கள் படித்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இசைக்கலைஞரான நண்பர் வில்லியம் ஜாக்சனுக்கு எழுதிய அக்கடிதத்தில், தம்முடைய வயோலா ட காம்பா வாத்தியத்தை எடுத்துக்கொண்டு ஓர் இனிய கிராமத்துக்குப் போய்விட வேண்டும் என்று கெயின்ஸ்பரோ ஏங்கியது உண்மையே. ஆனால், இந்த அருமைச் சீமாட்டிகளின் தேநீர் விருந்துகளும் நடனங்களும் மாப்பிள்ளை வேட்டையும் தம்முடைய கடைசிப் பத்து ஆண்டுகளைப் பறித்துக்கொண்டுவிடும், அப்படியும் மாப்பிள்ளை கிடைக்காமல் போகலாம் என்று உடனே புலம்புகிறார். அந்தச் சீமாட்டிகள் அவருடைய வீட்டுப் பெண்கள்தாம். மேரி, மார்கரெட் என்று இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டிய தகப்பன் அவர். மற்றவர்கள் வண்டிக்குள் வைக்கோலில் காலை நீட்டிச் சாய்ந்து, தம்முடைய ரசனையில் பாதிகூட இல்லாமல் பச்சை மரங்களையும் நீல வானத்தையும் பார்த்துக்கொண்டு போக, தாம் மட்டும் சேணம் பூட்டிய குதிரையாகத் தடம் பிடித்து நடப்பதாக அவர் எழுதுகிறார். நண்பரிடம் புலம்பியதையெல்லாம் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டால் உலகில் ஒரு குடும்பஸ்தரும் தப்ப மாட்டார்.

கைவிட்டார் என்கிறீர்கள். அவர் எதையும் கைவிடவில்லை. 1748இல், இருபத்தொன்றாம் வயதில், கார்னார்ட் காட்டைத் தீட்டியதிலிருந்து 1788இல் இறக்கும்வரை நிலக்காட்சிகளை வரைந்துகொண்டேதான் இருந்தார். அவற்றை வாங்கத்தான் ஆள் குறைவாக இருந்தது. லண்டன் பால் மால் தெருவில் அவர் குடியிருந்த ஷாம்பர்க் ஹவுஸின் முன்கூடத்திலிருந்து ஓவிய அறைவரை நிலக்காட்சிகள் வரிசையாக நின்றனவாம். தங்கள் முகத்தை வரைந்துகொள்ள வந்தவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்க்காமலே உள்ளே போவார்களாம். வாங்காதவர்களை விட்டுவிட்டு வரைந்தவரைக் கூண்டில் ஏற்றுவது எனக்கு விளங்கவில்லை. சஃபோக் மாவட்டத்துச் சட்பரியில் 1727இல் பிறந்த அவர், துணி வியாபாரத்தில் நொடித்துப்போன ஒருவருடைய மகன். பதின்மூன்று வயதில் லண்டனுக்குப் போய், பிரெஞ்சுச் செதுக்கோவியரான கிராவலோவிடமும் ஓவியர் ஹேமனின் வட்டத்திலும் தொழில் கற்றுக்கொண்டவர். காசின் அருமை அப்படிப்பட்டவருக்குத் தெரியாமல் இருக்குமா?

இனி உங்கள் கேள்வியின் உண்மையான அடித்தளத்துக்கு வருகிறேன். முகம் என்றால் பிழைப்பு, மரம் என்றால் கலை என்று இரண்டாகப் பிரித்துவைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். 1750ஆம் ஆண்டுவாக்கில் அவர் தீட்டிய, இப்போது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் ஆண்ட்ரூஸ் தம்பதியின் படத்தைப் பாருங்கள். புதிதாக மணமான அந்த இருவரும் படத்தின் இடது ஓரத்தில் ஓர் ஓக் மரத்தடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். மீதிப் படம் முழுவதும் அவர்களுடைய நிலம்: வரிசை தப்பாமல் விதைத்து அறுத்த கதிர்க்கட்டுகள், வேலிக்குள் மேயும் ஆடுகள், மழை வருமா என்று யோசிக்கும் சஃபோக் வானம், மரங்களுக்கிடையே தெரியும் சட்பரி தேவாலயக் கோபுரம். கணவர் துப்பாக்கியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பெஞ்சில் சாய்ந்து, நம்மை ஏன் வந்தாய் என்பதுபோலப் பார்க்கிறார். மனைவியின் முகத்திலோ நீலப் பட்டின் விறைப்பு அப்படியே இருக்கிறது. அவருடைய மடியில் ஓரிடம் வண்ணம் பூசாமல் இன்றும் வெறுமையாக நிற்கிறது. அங்கே என்ன வர இருந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். பணம் கொடுத்த ஒருவரை இத்தனை இறுமாப்போடு வரைந்துவைப்பதை முகஸ்துதி என்று நான் சொல்ல மாட்டேன். இது உருவப்படமா நிலக்காட்சியா என்றும் என்னால் பிரிக்க முடியவில்லை.

1752இல் இப்ஸ்விச்சுக்கும், 1759இல் பணக்காரர்கள் நீராடவும் வம்பளக்கவும் கூடிய பாத் நகரத்துக்கும் குடிபெயர்ந்த பிறகு, சுற்றுவட்டாரத்து மாளிகைகளில் தொங்கிய, பதினேழாம் நூற்றாண்டு உருவப்பட ஓவியர் வான் டைக்கின் படங்களைப் பார்த்து கெயின்ஸ்பரோவின் கை மாறியது. கூலியும் ஏறியது, இறுதிக் காலத்தில் தலை மட்டும் என்றால் 40 கினி (அக்கால ஆங்கிலப் பொற்காசு), முழு உருவம் என்றால் 160 கினி. ஆனால் வேலை செய்த விதத்தைக் கவனியுங்கள். லண்டன் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமியின் தலைவர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் உட்பட அக்காலத்தின் பெயர்பெற்ற உருவப்பட ஓவியர்கள், முகத்தைத் தாங்கள் தீட்டிவிட்டு உடைகளைக் கூலிக்கு வரைவோரிடம் விட்டுவிடுவது வழக்கம். கெயின்ஸ்பரோவோ பட்டையும் சரிகையையும் தாமே தீட்டினார். அவருக்கென்று இருந்த ஒரே பயிற்சி மாணவர் அவருடைய சகோதரியின் மகன் கெயின்ஸ்பரோ டுபான்ட் மட்டுமே. அறையை இருட்டாக்கி, சில வேளைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கித்தானை அமர்ந்திருப்பவரின் முகத்துக்கு மிக அருகில் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வேலையைத் தொடங்குவார்.

அந்த ஒப்பீட்டுக்குக் காரணம் உண்டு. டார்ட்மவுத் பிரபுவுக்கு 1771இல் எழுதிய கடிதங்களில், உருவப்படத்தின் தலையாய அழகும் நோக்கமும் சாயல்தான் என்று கெயின்ஸ்பரோ கண்டிப்பாகச் சொல்கிறார். மேடையில் நிற்கும் நடிகருக்குக் குரலும் அசைவும் துணை நிற்கும். ஒரே கோணத்தில் அசையாமல் இருக்கும் முகத்துக்கு அவை இல்லை. அதற்குக் கற்பனை உடையையும் மாட்டிவிட்டால் ஆளை எப்படி அடையாளம் காண்பது என்பது அவருடைய வாதம். ரெனால்ட்ஸ் தம்மிடம் வந்த சீமாட்டிகளைக் கிரேக்கத் தேவதைகளாக்கிக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வையுங்கள்.

மாறாக, நீங்கள் உண்மையான கலை என்று கருதும் நிலக்காட்சிகள் எப்படி உருவாயின? தம் எஸ்டேட்டை வரைந்து தரும்படி ஹார்ட்விக் பிரபு கேட்டபோது, இந்த நாட்டில் உள்ளபடி வரையத் தகுந்த ஓரிடத்தையும் தாம் கண்டதில்லை என்று கெயின்ஸ்பரோ நயமாக மறுத்துவிட்டார். உடைந்த கற்களையும் காய்ந்த பூண்டுகளையும் கண்ணாடித் துண்டுகளையும் மேசைமேல் அடுக்கி, அவற்றையே பாறையும் மரமும் நீருமாகப் பெருக்கி வரைந்தார் என்று ரெனால்ட்ஸே பதிவுசெய்திருக்கிறார். 1780களில் கண்ணாடித் தகடுகளில் நிலக்காட்சிகளைத் தீட்டி, பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்க்கும் ஒரு பெட்டியையும் செய்துவைத்திருந்தார். அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. ஆக, அவருக்குச் சலித்துப்போன முகத்தில்தான் மெய் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஆசைப்பட்ட மரங்களை மேசையில் புனைந்துகொண்டார்.

1785இல் தீட்டிய ‘காலை உலா’வில் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிட்டன. இருபத்தொரு வயது ஹாலெட் தம்பதி மரங்களுக்கிடையே நடந்துவருகிறார்கள். பெண்ணின் தொப்பி இறகும், மெல்லிய உடையும், நாயின் வெள்ளை மயிரும், பின்னால் உள்ள இலைகளும் ஒரே விதமான மெலிந்த, வேகமான கோடுகளால் ஆனவை. அருகில் போய்ப் பார்த்தால் கீறல்களும் கறைகளும்தான் தெரியும். சற்று விலகினால் ஒருவித மாயத்தால் அவை உருவம் கொள்கின்றன என்று, கெயின்ஸ்பரோ இறந்த அதே ஆண்டின் டிசம்பரில் அகாடமி மாணவர்களிடம் ரெனால்ட்ஸ் பேசினார். வாழ்நாள் முழுவதும் போட்டியாளராக இருந்தவர் அளித்த சான்று இது. (நீல வண்ணத்தைப் படத்தின் நடுவே வைக்கக் கூடாது என்ற ரெனால்ட்ஸின் விதியை மறுக்கவே கெயின்ஸ்பரோவின் ‘நீலச் சிறுவன்’ வரையப்பட்டது என்ற கதையை யாராவது உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம், அந்தப் படம் 1770ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது, ரெனால்ட்ஸ் அப்படிப் பேசியது 1778இல்.)

பணம் தராத முகங்களையும் நீங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. இப்ஸ்விச்சில் இருந்தபோது தம் இரண்டு சிறுமிகளும் கைகோத்துக்கொண்டு ஒரு வண்ணத்துப்பூச்சியைத் துரத்துவதை வரைந்தார். பூச்சி முள்செடியில் அமர்ந்திருக்கிறது, சின்னவள் கையை நீட்டிவிட்டாள், மூத்தவள் தயங்குகிறாள். முடிக்காமலே விட்ட அந்தப் படத்துக்கு ஈடான குழந்தை ஓவியம் அந்த நூற்றாண்டு இங்கிலாந்தில் இல்லை என்பது என் எண்ணம். அந்த மூத்தவள்தான் 1780இல் ஓர் இசைக்கலைஞரை மணந்து, விரைவிலேயே பிரிந்து வீடு திரும்பியவள்.

விலைபோனவர் நடந்துகொள்ளும் முறையும் வேறாக இருக்கும். கனவான்களைத் தக்க தூரத்தில் நிறுத்தாவிட்டால், உண்மையான கலைஞனுக்கு அவர்களைப்போல எதிரிகள் உலகில் இல்லை என்று ஜாக்சனுக்கே 1767இல் எழுதியவர் அவர். 1784இல் மூன்று இளவரசிகளின் படத்தை மென்மையான ஒளியில் தீட்டி ராயல் அகாடமிக்கு அனுப்பியபோது, ஐந்தரை அடிக்குமேல் உயர்த்தித் தொங்கவிடச் சம்மதிக்க மாட்டேன் என்று நிபந்தனை விதித்தார். அகாடமி விதியைக் காட்டியது. உடனே எல்லாப் படங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டவர், சாகும்வரை அங்கே ஒரு படத்தையும் வைக்கவில்லை. தம் வீட்டிலேயே காட்சி நடத்தினார்.

முகஸ்துதியைத்தான் தேடுவேன் என்றால், அதை அவருடைய நிலக்காட்சிகளில் தேடுங்கள். 1780இல் தீட்டிய ‘குடிசை வாசல்’ படத்தில் ஏழைத் தாயைச் சுற்றிக் கொழுகொழுவென்று குழந்தைகள், பொன்னிற மாலை வெயில், மெத்தென்ற மரங்கள். அதே ஆண்டுகளில்தான் நாடாளுமன்றச் சட்டங்களால் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டு, மேய்ச்சலையும் விறகையும் நம்பியிருந்த அந்தக் குடிசைக்காரர்கள் கூலிகளாகிக்கொண்டிருந்தார்கள். வேலி போட்ட வர்க்கத்தவரே இத்தகைய படங்களை வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. உங்கள் குற்றச்சாட்டை இந்தப் படத்தின்மேல் வைத்து அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள். மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்காது.