கலிபோர்னியாவில் என் பெயரில் பெஞ்ச் வாரண்ட் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இருந்தால் என்ன செய்வது?

கேள்வியின் சுருக்கம்: சில ஆண்டுகளுக்கு முன் சாண்டா கிளாரா கவுண்டியில் போலீஸ் ஒரு டிக்கெட் கொடுத்தது. அதில் குறித்த நாளில் கோர்ட்டுக்குப் போனபோது, “பட்டியலில் உங்கள் பெயர் இல்லை” என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு வீடு மாறிவிட்டேன். எச்1பி விசாவில் இருக்கிறேன். டிசம்பரில் ஊருக்குப் போக வேண்டும். வாரண்ட் இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

ஊருக்கு விமான டிக்கெட் எடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சான் ஹோசேயில் குற்ற வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் பல ஆண்டுகளாக உதவியாளராக வேலை செய்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. உங்களைப் போலப் “பெயர் இல்லை” என்று கேட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் வரும் வாரண்ட்களில் கணிசமானவை இப்படித்தான் பிறந்திருக்கின்றன.

டிக்கெட் கொடுப்பது போலீஸ். வழக்கு தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது கவுண்டியின் அரசுத் தரப்பு வழக்கறிஞரான டிஸ்டிரிக்ட் அட்டர்னியின் அலுவலகம். மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களுக்குப் பொதுவாக ஓராண்டு வரை அவர்களுக்கு அவகாசம் உண்டு. நீங்கள் போன நாளில் அவர்கள் வழக்கைப் பதிந்திருக்கவில்லை என்றால் பட்டியலில் பெயர் எப்படி இருக்கும்? சில மாதங்கள் கழித்துப் பதிவார்கள். புதிய தேதியைச் சொல்லும் கடிதம் டிக்கெட்டில் உள்ள பழைய முகவரிக்குப் போகும். அந்தத் தேதியில் நீதிபதி பெயரைக் கூப்பிடுவார், ஆள் இருக்கமாட்டார், பெஞ்ச் வாரண்ட் போட்டுவிடுவார். ஊரில் வாய்தாவுக்கு வராதவருக்குப் பிடிவாரண்ட் பிறப்பிக்கும் அதே நடைமுறைதான். வீடு மாறினால் 10 நாட்களுக்குள் ஏஆர்-11 படிவத்தைக் குடிவரவுத் துறைக்கு அனுப்புவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் அந்த முகவரி மாற்றம் கோர்ட்டுக்குப் போய்ச் சேராது. கோர்ட்டுக்குத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் டிக்கெட் எந்த வகை என்று பாருங்கள். அபராதத்தோடு முடிந்துவிடும் சாதாரணப் போக்குவரத்து மீறல் என்றால் பெரும்பாலும் பதற வேண்டியதில்லை. தேதிக்கு வராதவர் மீது கோர்ட் கூடுதல் கட்டணம் ஒன்றை விதிக்கலாம். 300 டாலர் வரை இருந்த அந்தக் கட்டணம் 2022 ஜூலை முதல் அதிகபட்சம் 100 டாலர். அதை விதித்துவிட்டால் அதே வராமைக்காக வாரண்டும் போடக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டியது, கடையில் பொருளை எடுத்தது, குடித்துவிட்டு ஓட்டியது போன்றவை வேறு வகை. கலிபோர்னியாவில் குடியேறிய பிறகும் இந்திய உரிமத்தை வைத்தே ஓட்டி மாட்டிக்கொள்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள்.

இனி, தேடுவது. கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி சுப்பீரியர் கோர்ட், தனிப் பதிவேடு. பொதுமக்கள் மாநிலம் முழுவதுக்குமாக வாரண்ட் தேட ஒரே இடம் கிடையாது. மில்பிடாஸில் நிறுத்தியிருந்தால் சாண்டா கிளாரா கவுண்டி, அடுத்த ஊரான ஃப்ரீமாண்ட் என்றால் அலமேடா கவுண்டி. கோர்ட்டின் இணையத்தளத்தில் டிக்கெட் எண்ணையோ வழக்கு எண்ணையோ கொடுத்துத் தேடுவதுதான் நல்லது. இரண்டும் இல்லாமல் பெயரை வைத்துத் தேடுவதில்தான் நம்மவர்களுக்கு வில்லங்கம். முருகன் என்பவரின் அப்பா பெயர் சுப்பிரமணியன் என்று வையுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருக்கிறது, உரிமத்தில் எது இருக்கிறது, இருட்டில் சாலையோரம் நின்று எழுதிய போலீஸ்காரர் எதை எங்கே எழுதினார் என்பது மூன்று தனிக் கதைகள். குடும்பப் பெயரே இல்லாத பாஸ்போர்ட் என்றால் இருக்கும் ஒரே பெயர் விசாவில் குடும்பப் பெயராகிவிடும், முதற்பெயர் இடத்தில் எஃப்என்யூ (‘முதற்பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்றெழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். அதையே முதற்பெயராகக் கோர்ட்டில் ஏற்றியதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பெயரை இரண்டு வரிசையிலும், எழுத்துக்கூட்டலை மாற்றியும் தேடுங்கள். முன்பு சில கோர்ட்டுகளின் தளத்தில் பிறந்த தேதியைக் கொடுத்து வடிகட்ட முடிந்தது. அது விதிக்கு முரண் என்று 2021-ல் ரிவர்சைடு கவுண்டி தொடர்பான வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இணையத்தில் கிடைக்கவில்லை என்பதால் வாரண்ட் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். சான் ஹோசேயில் ஹெடிங் தெருவில் இருக்கும் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தின் எழுத்தர் கவுண்டரில் கேட்கலாம். ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் போய் “என் மேல் வாரண்ட் இருக்கிறதா” என்று கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இருந்தால் அவர்கள் கடமை உங்களைப் பிடிப்பது. ஒரு வழக்கறிஞர் உங்களுக்காக விசாரித்தால் இந்தச் சிக்கல் இல்லை.

இதற்கிடையில் யாராவது தொலைபேசியில் அழைத்து, “நீ ஜூரி பணிக்கு வரவில்லை, வாரண்ட் இருக்கிறது, கிஃப்ட் கார்டு வாங்கி எண்ணைச் சொல்” என்றால் அது மோசடி. இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

வாரண்ட் இருப்பது உறுதியானால், அது தானாகக் காலாவதியாகும் என்று காத்திருக்க வேண்டாம், ஆகாது. தானாக வந்து நிற்பவரை நீதிபதி பார்க்கும் விதம் வேறு, விலங்கோடு அழைத்து வரப்பட்டவரைப் பார்க்கும் விதம் வேறு. வெள்ளிக்கிழமை மாலை காரை நிறுத்திப் பிடித்தால் திங்கள்கிழமை வரை உள்ளே இருக்கவும் நேரலாம். பெரும்பாலான மிஸ்டிமீனர் வழக்குகளில், கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 977-ஆம் பிரிவின்படி உங்களுக்குப் பதிலாக வழக்கறிஞரே ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லலாம். குடும்ப வன்முறை போன்ற சில வழக்குகளில் நீங்களே வர வேண்டியிருக்கும். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால், வழக்கை விசாரணைப் பட்டியலில் சேர்க்கும்படி எழுத்தரிடமே கேட்கலாம். நீதிபதி முன் நிற்கும்போது, வசதி இல்லாதவர்களுக்காக அரசு தரும் வழக்கறிஞரான பப்ளிக் டிஃபெண்டர் வேண்டும் என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள். குற்ற வழக்கில் அது மாநில அரசியல் சட்டம் தரும் உரிமை. ஆனால் தமிழுக்கு ஆள் அன்றைக்கே கிடைப்பது கடினம்.

உங்கள் வழக்கில் வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: செர்னா மனு. 1985-ல் செர்னா வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை வைத்துப் போடும் மனு அது. மிஸ்டிமீனர் வழக்கைப் பதிந்துவிட்டு ஓராண்டுக்கு மேல் ஆளைப் பிடிக்காமலோ கோர்ட்டுக்கு அழைக்காமலோ கிடப்பில் போட்டால், அந்தத் தாமதமே அவருக்குப் பாதகம் என்று கருதலாம் என்கிறது அந்தத் தீர்ப்பு. வழக்கு இருப்பதே தெரியாமல், சொந்த முகவரியில் ஒளிவுமறைவின்றி வாழ்ந்தவர்கள் இதை வைத்து வழக்கையே தள்ளுபடி செய்யக் கேட்க முடியும். தெரிந்தே வராதவர்களுக்கு இது எடுபடுவது அரிது. நீங்கள் முதல் தேதிக்குப் போனதற்கு ஏதாவது சான்று இருந்தால் தேடி எடுங்கள். பார்க்கிங் ரசீது, அன்றைக்கு அலுவலகத்துக்கு அனுப்பிய விடுப்பு மின்னஞ்சல் என எதுவாக இருந்தாலும் சரி.

வாரண்ட் ரத்தாவது எளிய பகுதி. நான் பயப்படுவது அடுத்த பத்து நிமிடத்துக்குத்தான். “ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் இன்றே முடிந்துவிடும்” என்று தோன்றும். விசாவில் இருப்பவர் அவசரப்பட்டு அதைச் செய்யவே கூடாது. குற்றத்தை ஏற்கவுமில்லை மறுக்கவுமில்லை என்று சொல்லும் ‘நோ கான்டெஸ்ட்’கூடக் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் தண்டனைதான். முப்பது டாலர் பொருளைக் கடையில் எடுத்த வழக்கு, அபராதத்தோடு முடிந்த பிறகு, விசாவிலும் கிரீன் கார்டிலும் வந்து குறுக்கே நிற்கும். நாடு கடத்தப்படும் ஆபத்து பற்றிக் கட்சிக்காரருக்குச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-ல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் கேட்கத் தயங்காதீர்கள். 2021 முதல் கலிபோர்னியாவில் பல மிஸ்டிமீனர் வழக்குகளில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே நீதிபதி விதிக்கும் நிபந்தனைகளை நிறைவேற்றி வழக்கை முடிக்கும் டைவர்ஷன் வழி இருக்கிறது. அதைக் கேளுங்கள். குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடமும் தனியாகப் பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பயணம் பற்றி: சின்ன வாரண்ட் எல்லாமே தேசியக் கணினிப் பட்டியலில் ஏறுவதில்லை. ஏறியிருந்தால், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரியின் திரையில் தெரியும். தனியறையில் உட்காரவைத்து விசாரிப்பார்கள், போலீஸையும் அழைக்கலாம். டிசம்பருக்குள் வாரண்ட் ரத்தாகிவிட்டால் அந்த உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலை எழுத்தரிடம் கட்டணம் கட்டி வாங்குங்கள். கோர்ட் ரத்து செய்தது போலீஸ் கணினியில் ஏறச் சில நாட்கள் பிடிக்கலாம். அந்த நகலில் ஒன்று காரிலும் ஒன்று பாஸ்போர்ட்டோடும் இருக்கட்டும்.