சார்லி வாட்ஸ் அடிக்காமல் விட்ட அடிகள்

கேள்வி: ரோலிங் ஸ்டோன்ஸ் ட்றம்மர் சார்லி வாட்ஸ் வாசிக்கும்போது அவருடைய வலது கை இடையிடையே ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் சோடித் தட்டுகளை) விட்டு மேலே எழும்புகிறது. ஏன் அப்படி? அதை எப்படிப் பழகுவது?
– வாசகர், கல்லடி

பதில்: நல்ல கண் உங்களுக்கு. அவருடைய தாளத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வழக்கமான றொக் தாளத்தில் 'வன்-அன்-டூ-அன்-த்ரீ-அன்-ஃபோர்-அன்' என்று ஹை-ஹாட்டில் எட்டு அடி விழும். காலால் மிதித்து அடிக்கும் பேஸ் ட்றம் 1, 3இல். இடது கையால் அடிக்கும் ஸ்னேர் (அடித்தோலில் கம்பிகள் கட்டிய சிறிய ட்றம்) 2, 4இல். வாட்ஸ் ஸ்னேரை அடிக்கும் அந்த இரண்டு இடத்திலும் வலது கையைத் தூக்கிவிடுவார். ஹை-ஹாட்டில் மிஞ்சுவது ஆறு அடி. ஸ்னேரின் மேல் வேறு சத்தம் படியாததால் அது தனியாகப் பளிச்சென்று கேட்கும்.

தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். முதலில் காலும் இடது கையும் மட்டும், ஐந்து நிமிடம். பிறகு ஹை-ஹாட்டைச் சேருங்கள். எல்லோருக்கும் பிழைப்பது ஒரே இடத்தில்: கையைத் தூக்கியதும் அடுத்த 'அன்' முந்தி விழுந்துவிடும். வெறும் இடத்தைக் கை பொறுக்காது. கை மேலே நிற்கும்போது 'டூ', 'ஃபோர்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நாலு விரல் உயரத்துக்கு மேல் தூக்க வேண்டாம். போனில் பதிவுசெய்து கேளுங்கள். பத்து நிமிடம் பிசகாமல் நின்றால் 65. பிசகினால் திரும்பவும் 60.

கேள்வி: அவர் யாரைக் கேட்டு வளர்ந்தவர்?
– வாசகி, கல்முனை

பதில்: றொக்கை அல்ல, ஜாஸைக் கேட்டு. சக்சபோன் கலைஞர் ஜெரி மலிகன் குழுவின் 1952ஆம் ஆண்டுப் பதிவான 'வோக்கிங் ஷூஸ்' பாட்டில் ட்றம்மர் சிக்கோ ஹமில்டன் பிரஷால் (குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும் மெல்லிய கம்பிக் கற்றையால்) வாசித்ததுதான் சிறுவன் சார்லியைப் பிடித்து இழுத்தது. அந்தக் குழுவில் பியானோ கிடையாது. ட்றம் தணிந்து பேசியும் எல்லாம் கேட்கும். கையிலிருந்த பான்ஜோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு, தோல் கட்டிய வட்டத்தை ஸ்னேராக்கிப் பிரஷால் தேய்த்துப் பழகினார்.

அம்பாறைக் கரையோரத்து வீடுகளில் றபான் இருந்தால் அதே பயிற்சியை நீங்களும் செய்யலாம். ஒருபக்கத் தோல்தானே. இடது கைப் பிரஷால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே வலது கையால் தட்டுங்கள். மழைக்காலத்தில் தோல் தளரும். சற்று அனலில் காட்டினால் இறுகும். பிளாஸ்டிக் தோலென்றால் வெள்ளைப் பூச்சுள்ள சொரசொரப்பானது வேண்டும். வழுவழுப்பான தோலில் பிரஷ் சத்தமே போடாது.

தன் ஆசான்களை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ட்றம்மர் ஜிம் கெல்ட்னருடன் 2000இல் வெளியிட்ட இசைத்தட்டில் பாட்டுகளுக்கே மக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, கென்னி கிளார்க், ரோய் ஹேன்ஸ் என்று ட்றம்மர்களின் பெயரை வைத்தார். 1963இல் ரோலிங் ஸ்டோன்ஸில் சேர்ந்தவர், 2021 ஓகஸ்ட் 24இல் 80 வயதில் மறையும்வரை அந்தக் குழுவில்தான் இருந்தார். மேடையில் அவருடைய காது கீத் ரிச்சர்ட்ஸின் கிற்றாரில் இருக்கும். கூத்துக் களரியில் அண்ணாவியார் ஆடுபவரின் காலைப் பார்த்து மத்தளம் அடிப்பாரே, அந்தக் கவனம்.

கேள்வி: வீடு கடலோரம். ஸ்னேர் 'பொத்' என்கிறது, திருகாணிகள் துருப்பிடிக்கின்றன.
– வாசகர், காத்தான்குடி

பதில்: பெரும்பாலும் ஓரிரு ஆணி மட்டும் தளர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, உப்புப் போகத் துடைத்து, புரிகளில் வாசலின் மெல்லியதாகத் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசி ஒட்டிப் பிசினாகும். விரலால் இறுக்கியபின் எதிரெதிர் ஆணியாக அரைச்சுற்று, அரைச்சுற்றாகச் சாவியைத் திருப்புங்கள். பக்கத்துப் பக்கத்தில் இறுக்கிக்கொண்டு போனால் வளையம் ஒருபக்கம் சாயும். ஒவ்வொரு ஆணிக்கும் நேரே, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் உள்ளே தட்டி, எல்லா இடமும் ஒரே சுருதிக்கு வரும்வரை சரிசெய்யுங்கள். அடியிலுள்ள கம்பிகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அவை அதிராது. ஸ்னேர் தொண்டை அடைத்ததுபோலக் கேட்கும். மெல்லத் தட்டினாலும் 'சர்' என்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.