ஸ்பெயினின் சலமாங்கா போன்ற சிறு நகரத்தில் ஒரு பெண் தனியாகத் தங்குவது பாதுகாப்பானதா?

ஸ்பானிய மொழி வகுப்புக்காகச் சலமாங்காவில் சில வாரங்கள் தனியாகத் தங்கப் போவதாகவும், இரவில் வெளியே நடமாடுவதைப் பற்றி வீட்டில் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதே காரணத்துக்காக அங்கே தனியாகத் தங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த நேரத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதில் நம் ஊர்க் கணக்கு அங்கே பொருந்தாது.

ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறையவே ஏறக்குறைய இரவு பத்து மணி ஆகிவிடும். இரவு உணவும் ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகுதான். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த நகரம் என்பதாலும், மொழி படிக்க உலகெங்கிலுமிருந்து பெண்கள் தனியாக வருவதாலும், தெருவில் ஒற்றையாக நடக்கும் அயல்நாட்டுப் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோடை இரவில் பதினொன்றரை மணிக்குப் பிளாசா மயோர் சதுக்கத்தில் பாட்டிமார் விசிறியோடு பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். குழந்தைகள் பந்து விளையாடுவார்கள். மணிக்கூண்டின் கீழே நண்பர்களுக்காகக் காத்திருப்பவர்கள் கூட்டமாக நிற்பார்கள். அங்கிருந்து ரூவா மயோர் தெரு வழியாகப் பேராலயம் வரை அந்த நேரத்தில் நடந்து போக நான் ஒருபோதும் தயங்கியதில்லை.

தெரு உண்மையிலேயே ஆளரவமற்றுப் போவது பிற்பகலில்தான். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆகஸ்ட் வெயிலில் பக்கத்துச் சந்துகளில் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. அப்படி ஒரு பிற்பகலில் ஒருவன் ஏதோ பேசியபடியே என் பின்னால் இரண்டு திருப்பங்கள் வந்தான். திறந்திருந்த ஒரு சிறிய பாருக்குள் நுழைந்து, "மே எஸ்தா சிகியெந்தோ" (என்னைப் பின்தொடர்கிறான்) என்று கவுண்டரில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே போய் வாசலில் நின்றார். அவன் போய்விட்டான். அந்த ஊர்களில் பார் என்பது குடிக்கும் இடம் மட்டுமல்ல; காலையில் காபிக்கும் பிற்பகலில் சீட்டாட்டத்துக்கும் குடும்பத்தோடு மக்கள் வருகிற இடம். கூச்சப்படாமல் உள்ளே போங்கள்.

அவசர உதவிக்கு 112 என்ற எண்ணை எந்தக் கைப்பேசியிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த ஆலோசனைக்கு 016 இருக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் பல மொழிகளில் பேசுகிறார்கள். தெருவில் ஒரு பெண்ணைக் கூசவைக்கும் பாலியல் பேச்சுகூட 2022இல் வந்த சட்டத்தின்படி குற்றம் என்பதால், புகார் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

நள்ளிரவுக்கு வெகு நேரம் கழித்து, பார்கள் மூடிய பிறகு, குடித்த மாணவர் கூட்டம் கலையும்போது டாக்சியில் திரும்புவதே நல்லது. தோர்மஸ் ஆற்றங்கரைப் பாதையை இருட்டிய பிறகு தவிர்த்துவிடுங்கள். அங்கே கேட்ட குரலுக்கு ஓடிவர வீடுகள் அருகில் இல்லை. தங்குமிடத்தைப் பழைய நகரத்துக்குள்ளேயே பாருங்கள், கொஞ்சம் சத்தம் இருந்தாலும் பரவாயில்லை. விடுதியில் பாஸ்போர்ட் விவரங்களைக் கேட்டால் பதறாதீர்கள், அது சட்டப்படியான நடைமுறை. பணத்தையும் கைப்பேசியையும் பொறுத்தவரை, சலமாங்காவைவிட நீங்கள் வழியில் கடக்கும் மத்ரித் மெட்ரோவில்தான் கூடுதல் கவனம் தேவை.

நகரத்துக்கு வெளியே நிலைமை வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். செவில்லிலிருந்து வடக்கே செல்லும் பழைய யாத்திரைப் பாதையான வியா தே லா பிளாத்தா சலமாங்கா வழியாகப் போகிறது. வார இறுதியில் அதில் சிறிது தூரம் நடந்து பார்க்க உங்களுக்கு ஆசை வரும். அந்தப் பாதை வடக்கே சென்று சேரும் அஸ்தோர்கா ஊருக்கு அருகே, 2015இல், தனியாக யாத்திரை நடந்த ஓர் அமெரிக்கப் பெண் கொல்லப்பட்டார். அத்தகைய நிகழ்வு மிக அரிது, ஆயிரக்கணக்கான பெண்கள் தனியாகவே யாத்திரையை முடிக்கிறார்கள். ஆனாலும் மணிக்கணக்கில் ஆளே எதிர்ப்படாத அந்த வயல்வெளியில், பார் வாசலில் வந்து நிற்க ஓர் அம்மாள் இல்லை. வகுப்பில் பழகும் தோழி ஒருத்தியோடு அங்கே போய்வாருங்கள்.