லாபம் இருந்தும் கடன் மறுக்கப்படுவது ஏன்?

கேள்வி: எங்கள் சிறு உற்பத்தி நிறுவனம் மூன்று ஆண்டுகளாக லாபத்தில் நடக்கிறது. வங்கித் தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. ஆனாலும் கூடுதல் கடன் கேட்டபோது வங்கி மறுத்துவிட்டது. மூலப்பொருள் தருபவரும் 60 நாள் கெடுவை 30 நாளாகக் குறைத்துவிட்டார். எங்களிடம் என்ன குறை கண்டார்கள்? கணக்கை இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் கணக்கில் லாபம் உண்மையாகவே இருக்கிறது, ஆனால் அது பணமாகக் கைக்கு வரவில்லை. விற்ற சரக்குக்கு உங்களுக்குப் பணம் வந்து சேரச் சராசரியாக 95 நாள் ஆகிறது, வாங்கிய சரக்குக்கோ நீங்கள் 60 நாளில் பணம் கட்ட வேண்டும். விற்பனை கூடக் கூட இந்த இடைவெளியை நிரப்ப வேண்டிய தொகையும் கூடும் என்பதால், வளர்ச்சிக்காக நீங்கள் கேட்ட கடன் பழைய பள்ளத்தை மூடவே போய்விடும் என்று வங்கி கருதியிருக்கும்.

வங்கி முதலில் பார்ப்பது, தொழிலில் மிஞ்சும் பணம் அசலையும் வட்டியையும் சேர்த்து எத்தனை மடங்கு தாங்கும் என்பதைத்தான், 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. ஈடு அதற்கு அடுத்தது. வரவேண்டிய பாக்கியை ஈடாக ஏற்கும்போதும் 90 நாளைத் தாண்டிய பில்களைப் பொதுவாகக் கழித்துவிடுவார்கள். உங்கள் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டது. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடம் போவதும், அவர் தடுமாறினால் நீங்களும் தடுமாறுவீர்கள் என்ற கவலையைத் தந்திருக்கும்.

சரக்கு தருபவரின் நிலை வேறு. அவரிடம் ஈடு எதுவும் இல்லை. நீங்கள் எப்போது பணம் கட்டினீர்கள் என்ற பேரேடு மட்டுமே இருக்கிறது. கடைசி நான்கு பில்களை 66, 71, 78, 84 நாள்களில் தீர்த்திருக்கிறீர்கள். எந்தப் பில்லையும் நீங்கள் ஏமாற்றவில்லை, ஆனால் அந்த எண்கள் போகும் திசை அவரை அச்சுறுத்துகிறது. அவருடைய லாபம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வராமல் போன ஒரு பில்லை ஈடுகட்ட அதே அளவில் இன்னும் 20 பில் போட்டாக வேண்டும். அவர்மீது வருத்தப்படாதீர்கள். கெடு முடிந்தபின் சமாதானம் சொல்வதைவிட, முடிவதற்கு ஒரு வாரம் முன்பே பேசி, பாதித் தொகையையாவது குறித்த நாளில் கட்டிவிடுங்கள். கூடவே, அந்தப் பெரிய வாடிக்கையாளரிடம் பழைய பாக்கியைக் கேட்கத் தயங்காதீர்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

கேள்வி: ஒரு நிறுவனம் நொடிக்குமா என்பதை ‘இஸட் ஸ்கோர்’ சொல்லிவிடும் என்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: நிதியியல் பேராசிரியர் எட்வர்ட் ஆல்ட்மன் 1968-இல் வெளியிட்ட வாய்பாடு அது. நடைமுறை மூலதனம் (ஓராண்டுக்குள் பணமாகும் சொத்தில் ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய கடன் போக மிஞ்சுவது), சேர்த்துவைத்த லாபம், வட்டிக்கும் வரிக்கும் முந்தைய வருமானம், விற்பனை ஆகிய நான்கையும் மொத்தச் சொத்தோடு ஒப்பிட்டு, ஐந்தாவதாகப் பங்குகளின் சந்தை மதிப்பை மொத்தக் கடனோடு ஒப்பிடுகிறது. விடை 1.81-க்குக் கீழே என்றால் ஆபத்து, 2.99-க்கு மேலே என்றால் பாதுகாப்பு. பங்குச்சந்தையில் இல்லாத நிறுவனத்துக்கு இதை அப்படியே போட்டுப் பார்ப்பது தவறு. அதற்கென ஆல்ட்மன் பின்னர் திருத்திய வாய்பாட்டில் சந்தை மதிப்புக்குப் பதிலாகப் புத்தக மதிப்பு, அதாவது கணக்கேட்டின்படி உரிமையாளர் பங்கின் மதிப்பு, வரும், எல்லைகளும் 1.23, 2.9 என மாறும்.