சென்னையில் தனியாக நாலு நாள்: ஒரு டீச்சரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 47. வியாழக்கிழமை சென்னை டிபிஐ (பள்ளிக் கல்வி இயக்குநரகம்) வளாகத்தில் ஒருநாள் பயிற்சி. அதை முடித்துவிட்டு ஞாயிறு வரை இருந்து ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. துணைக்கு யாரும் இல்லை. ஆவடியில் கொழுந்தனார் வீடு இருக்கிறது. "நம்ம வீடு இருக்கும்போது லாட்ஜா அண்ணி?" என்று கோபித்துக்கொள்கிறார். தனியாக லாட்ஜில் தங்கலாமா? ஆட்டோ, பஸ் எல்லாம் சமாளிக்க முடியுமா? இரவில் பயமில்லையா?

பதில்: தாராளமாக வாருங்கள் டீச்சர். நீங்கள் கடைசியாகக் கேட்டதைத்தான் வீட்டில் எல்லோரும் முதலில் கேட்டிருப்பார்கள். ஆனால் தனியாகச் சென்னை வருகிறவரை ராத்திரியை விட அதிகமாகப் படுத்துவது கையிலிருக்கும் பை. துணைக்கு ஒருவர் இருந்தால் "இதைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்று பாத்ரூம் போகலாம், டிக்கெட் எடுக்கலாம், ஆட்டோ பேசலாம். தனியாள் அத்தனையையும் பையைத் தூக்கிக்கொண்டே செய்ய வேண்டும். எத்தனை மணிக்கு வந்து இறங்குவது, பையை எங்கே போடுவது என்ற இரண்டை மட்டும் ஊரிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் வந்த இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வருவதற்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். இரவு தூங்கி எழுந்தால் எழும்பூர். பஸ் என்றால் ஒரு விஷயம். தென்மாவட்ட பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. பழைய ஞாபகத்தில் கோயம்பேடு என்று நினைத்து வந்தால், இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் கார்க்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைத் தாண்டி உள்ளே மாநகர பஸ் நிற்கும் பக்கம் போய் தாம்பரத்துக்கு ஏறிவிடுங்கள். அங்கிருந்து பீச் போகும் லோக்கல் ரயில் காலை நாலு மணி வாக்கிலேயே ஓடத் தொடங்கிவிடும். அதிகாலையில் லேடீஸ் பெட்டி சில சமயம் ஆளே இல்லாமல் வரும். அப்படி வந்தால் அதில் ஏறாமல், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் பொதுப் பெட்டியில் ஏறுங்கள். பலகையில் 'மகளிர்' என்று எழுதியிருப்பதை விட, பக்கத்தில் ஆள் இருப்பது பெரிய பாதுகாப்பு.

கொழுந்தனார் விஷயத்துக்கு வருவோம். ஆவடி லோக்கல் சென்ட்ரல் பக்கம் வரும். உங்கள் பயிற்சியோ நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில்; அதற்கு தாம்பரம் லைனில் வரவேண்டும். சென்ட்ரலில் இறங்கி, ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய், மறுபடி ரயில் பிடித்து, கூட்டத்தில் நசுங்கி, ஒன்பதரைக்குப் பயிற்சி அறையில் உட்கார வேண்டும். சாயங்காலம் அதே பாடு. அதற்கு மேல், சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் எட்டு மணிக்கு ராச்சாப்பாட்டுக்கு ஆஜராக வேண்டும், காலையில் "இன்னைக்கு எங்கே?" என்ற விசாரணையும் உண்டு. ஊர் சுற்ற வந்தவருக்கு இது தோதுப்படாது. "ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வர்றேன் தம்பி" என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கோபம் பாதி இறங்கிவிடும்.

தங்க எழும்பூர்தான் தோதான இடம். ரயில், மெட்ரோ, லோக்கல் மூன்றும் ஒரே இடத்தில். நுங்கம்பாக்கம் இரண்டாவது ஸ்டேஷன், நடுவில் சேத்துப்பட்டு மட்டும். ஸ்டேஷன் எதிரே கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள் இருக்கின்றன. போய் நின்று விசாரிக்காமல் ஊரிலிருந்தே போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். முதல் கேள்வி: "நான் ஒரு ஆள்தான், லேடி, ரூம் தருவீங்களா?" தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்லும் லாட்ஜுகள் இன்றைக்கும் உண்டு. விடிகாலையில் பையோடு நிற்கும்போது அதைக் கேட்பதை விட முன்கூட்டியே போனில் கேட்டுவிடுவது நல்லது. அடுத்த கேள்வி: "24 மணி நேர செக்அவுட்டா, மதியம் 12 மணியா?" 12 மணிக் கணக்கு என்றால், காலை ஆறுக்கு நுழைந்து மதியமே ஒருநாள் முடிந்துவிடும், வியாழன் காலையிலிருந்து ஞாயிறு காலை வரை மூன்று நாளுக்கு நாலு நாள் வாடகை கேட்பார்கள். 24 மணி நேரக் கணக்கு என்றால் ஆறிலிருந்து ஆறு.

லாட்ஜே வேண்டாம் என்று தோன்றினால் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்டபிள்யூசிஏ (கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கம்) விருந்தினர் இல்லம் இருக்கிறது. எழும்பூருக்குப் பக்கம், பெண்களுக்குப் பழக்கமான இடம். ரயில் டிக்கெட் உறுதியாகியிருந்தால் ஸ்டேஷனிலேயே பயணிகள் தங்கும் ரிட்டயரிங் ரூமும் கிடைக்கலாம். ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் மலிவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அவை ஆண்களுக்கானவை.

ரூமுக்குள் நுழைந்ததும் பையைக் கீழே வைப்பதற்கு முன் தாழ்ப்பாளைப் போட்டு, கதவை உள்ளிருந்து ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பழைய லாட்ஜுகளில் கொண்டி இருக்கும், அது மாட்டும் வளையம் ஆடிக்கொண்டிருக்கும். பாத்ரூம் ஜன்னல் வராந்தா பக்கம் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சரியில்லை என்றால் உடனே "வேற ரூம் காட்டுங்க" என்று கேளுங்கள். துணி எடுத்து அடுக்கிய பிறகு நமக்கே மாற மனசு வராது. அடையாளத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் கேட்பார்கள். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் செய்து நாலைந்து பிரதி எடுத்து வாருங்கள்.

ஆட்டோவைப் பற்றித்தான் எல்லோரும் பயமுறுத்துவார்கள். அரசு 2013-ல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. அந்த விலைக்கு இன்று ஒருவரும் வரமாட்டார்கள், மீட்டரும் போடமாட்டார்கள். அதனால் சட்டம் பேசிப் பலனில்லை. ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி இவற்றில் இரண்டையாவது போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். புக் செய்ததும் டிரைவர் கூப்பிட்டு "எங்க டிராப்? எவ்ளோ காட்டுது?" என்பார். சொல்லுங்கள். "மேல முப்பது போட்டுக் குடுங்கம்மா" என்றால் பத்தோ இருபதோ பேசி முடியுங்கள், அல்லது கேன்சல் செய்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். தெருவில் நிற்கும் ஆட்டோவிடம் நேரடியாகப் பேசினாலும், ஆப்பில் அதே தூரத்துக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டு பேசுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டைச் சரிபார்த்து, பயண விவரத்தை வீட்டுக்குப் பகிர்ந்துவிடுங்கள். அதை டிரைவர் காதில் விழும்படி போனில் சொன்னாலும் தப்பில்லை.

பகலில் ஆட்டோவே தேவைப்படாது. உங்கள் ஊர் டவுன் பஸ் மாதிரி இங்கேயும் சாதாரண கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்திருக்கும். டீலக்ஸ், ஏசி பஸ்ஸில் காசு உண்டு. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் கண்டக்டர் பெரும்பாலும் சீட்டை விட்டு எழுந்து வரமாட்டார். "லேடீஸ் ஒண்ணு" என்று பின்னால் சொல்லி அனுப்பினால், டிக்கெட் நாலு கை மாறி உங்களிடம் வந்து சேரும். இலவசம்தானே என்று டிக்கெட் வாங்காமல் இருந்துவிடாதீர்கள், செக்கர் ஏறினால் வம்பு. மெட்ரோ காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை. சுத்தமான பாத்ரூம் எங்கே என்ற கேள்விக்கும் மெட்ரோ ஸ்டேஷன்தான் பெரும்பாலும் விடை.

சுற்றிப் பார்ப்பதில் கிழமை முக்கியம். எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதைச் சனிக்கிழமைக்கு வையுங்கள். அமராவதிச் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் மட்டுமே அரைநாள் பிடிக்கும். வெள்ளி காலை பறக்கும் ரயிலில் திருமயிலை போய்க் கபாலி கோயில், மாட வீதி, டிபன். மதியம் நடை சாத்திவிடுவார்கள். வெயில் நேரத்தில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுங்கள். ஏசியில் தனியாக எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம். டீச்சருக்கு வேறு சொல்ல வேண்டியதில்லை. ரங்கநாதன் தெருவுக்கு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் போதும். ஞாயிறு மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். ஓட்டலில் தனியாக உட்கார்ந்தால் எதிரில் வேறொருவரை உட்கார வைப்பார்கள். அது இங்கே சகஜம்.

கடற்கரைக்கு விடிகாலையில் போங்கள், நடைப்பயிற்சிக் கூட்டம் இருக்கும். கால் நனைப்பதோடு சரி, இடுப்பளவு தண்ணீருக்குப் போக வேண்டாம். மெரினா அலை அடியில் இழுக்கும்; இழுத்தால் சத்தம் போடப் பக்கத்தில் உங்கள் ஆள் இல்லை. பெசன்ட் நகரில் மணலில் நிற்கும் வெள்ளை மண்டபம், 1930-ல் கடலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியது.

இரவு விஷயம். ஒன்பது மணி வரை கடைத்தெரு ஜேஜே என்றிருக்கும், பத்துக்கு ஷட்டர் விழுந்ததும் அதே தெரு சட்டென்று காலியாகிவிடும். ஒன்பதுக்குள் ரூமுக்குத் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 112 போலீஸ், 181 பெண்கள் உதவி எண், ரயிலில் என்றால் 139. மூன்றையும் போனில் பதிந்துவிடுங்கள்.

ஞாயிறு காலை ரூமைக் காலி செய்தபின் பையோடு ஆவடி போகாதீர்கள். ரயில் நேரம் வரைக்கும் எழும்பூர் ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டுக் கைவீசிப் போய் வாருங்கள். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், ஜிப்பில் மாட்டும் சின்னப் பூட்டு ஒன்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட்டும் காட்ட வேண்டியிருக்கும். எழும்பூர் ஸ்டேஷன் வேலைகளால் சில ரயில்களை அவ்வப்போது தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். பையைப் போடும் முன் உங்கள் ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.