சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும் பன்றி

கேள்வி: ஐயா, நாங்கள் ஆண்டாங்குளம் பக்கம். மூன்று பன்றி வளர்க்கிறோம், ஒவ்வொன்றும் 40 கிலோ வரும். போன கிழமை கிணற்று மோட்டர் எரிந்துபோச்சு. திருத்துகிறவர் வர மூன்று நாள் எடுத்தது. வீட்டுப் பாவனைக்கு அடுத்த வளவில் அள்ளினோம். பன்றிகளுக்குக் காலையில் சின்ன வாளி ஒன்றுதான், அதுவும் மூன்றுக்கும் சேர்த்து. சாப்பாடு மட்டும் வழமைபோல: தவிடு, இவர் உப்புவெளி ஹொட்டேல் ஒன்றிலிருந்து கொண்டுவருகிற மிச்சச் சோறு, உடைந்து தூளான கருவாடு கொஞ்சம். இன்று விடியப் பார்த்தால் ஒன்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கிறது. கூப்பிட்டாலும் திரும்பவில்லை. பிறகு நாய் மாதிரிக் குந்தியிருந்து, மூக்கை வெட்டி வெட்டி இழுத்து, பக்கவாட்டில் விழுந்து காலடித்தது. மற்ற இரண்டும் தீனியைத் தொடவில்லை. அடுத்த வளவு அண்ணன் இது ஆபிரிக்கக் காய்ச்சல், சாக முதல் இறைச்சிக்குக் கொடு என்கிறார். மோட்டர் இப்போது சரி. தொட்டி நிறையத் தண்ணி விடவா? (பெயர் வேண்டாம்.)

பதில்: விடவே வேண்டாம், பிள்ளை. சஞ்சிகையின் வட்ஸ்அப்பில் இந்தக் கேள்வியைக் கண்டவுடன், அச்சாகும்வரை காத்திராமல் உங்களுடன் பேசினேன். அன்று அவசரத்தில் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். திருகோணமலையில் கச்சான் என்கிற வறண்ட சுடுகாற்று வீசுகிற மாதங்களில் இது இன்னொரு வீட்டிலும் நடக்கும்.

உங்கள் பன்றிக்கு வந்தது உப்பு நஞ்சு. பெயரைக் கேட்டதும் கருவாட்டின் மேல் பழியைப் போட்டுவிடாதீர்கள். கருவாடு கேட்டைக் கூட்டியிருக்கும், ஆனால் தண்ணீர் போதாமல் போனால் சாதாரண தவிட்டுத் தீனியில் இருக்கிற உப்பே காணும். பன்றி குடிக்கிற தண்ணீரில்தான் அந்த உப்பு மூத்திரத்தோடு வெளியே போகிறது. தண்ணீர் குறைந்தால் உப்பு இரத்தத்தில் ஏறும், மெல்ல மூளைக்குள்ளும் போய்த் தங்கும். அந்த நேரத்தில் வயிறு முட்டக் குடிக்க விட்டால் இரத்தம் சட்டென்று நீர்த்துவிடும், மூளையில் தங்கிய உப்பு அவ்வளவு கெதியாக வெளியேறாது. உப்பு இருக்கிற பக்கம் தண்ணீரை இழுக்கும் அல்லவா? மண்டையோட்டுக்குள் மூளை வீங்கும், வீங்க இடமும் இல்லை. கண் தெரியாமல் சுவரில் முட்டுவதும் வலிப்பும் உப்பு ஏறினாலே தொடங்கலாம், இந்த வீக்கத்தால் இன்னும் மோசமாகும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பாலையூற்றில் என் வளவில் முதன்முதல் இரண்டு பன்றி வளர்த்த காலம். மட்டக்களப்பில் ஒரு கலியாணத்துக்குப் போய், வர மூன்றாம் நாள் ஆகிவிட்டது. தொட்டி காய்ந்து வெடித்துக் கிடந்தது. பன்றிகள் என் குரலைக் கேட்டுக் கதவைப் பிறாண்டின. மனம் பொறுக்காமல் பெரிய வாளியால் மூன்று தரம் அள்ளி ஊற்றினேன். அவை குடித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து பார்க்கிறேன், பெரியது பின்பக்கமாக நடக்கிறது. முன்னால் தீனி இருக்க, எதையோ கண்டு பயந்தது போலப் பின்னுக்குப் பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்துக் குந்தியது. இருட்டுவதற்குள் இரண்டும் செத்துப்போயின. பாவம் பார்த்து ஊற்றிய தண்ணீரால்தான் அவை செத்தன என்று எனக்கு விளங்க வருடங்கள் எடுத்தது.

இப்போது கணக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 மில்லிலீட்டர். 40 கிலோ பன்றிக்கு 200 மில்லிலீட்டர், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. அடுத்த கோப்பை அடுத்த மணித்தியாலம்தான். கத்தும், கோப்பையைக் கடிக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். விழுந்த பன்றிக்கு மட்டுமல்ல, வலிப்பு வராத மற்ற இரண்டுக்கும் இதே கணக்குத்தான். மூன்றையும் பலகை வைத்துப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலமுள்ளது மற்றதன் பங்கையும் குடித்துவிடும். இரவிலும் எழும்பத்தான் வேண்டும். இரண்டு மூன்று நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழைய அளவுக்கு வரலாம். அதுவரை கருவாடும் ஹொட்டேல் சோறும் வேண்டாம்.

வலிப்பில் கிடக்கிற பன்றியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது நெஞ்சுக்குள் இறங்கும். குழாய் வைத்து வயிற்றுக்கு இறக்குவதும் வலிப்பை அடக்க ஊசி போடுவதும் மாட்டு டொக்டரின் வேலை, அவரைக் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை கீழே சாக்கும் வைக்கலும் போட்டு, வெளிச்சத்தை மறைத்து, பிள்ளைகளைத் தூர வைத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் மறுபக்கம் புரட்டிவிடுங்கள்.

அடுத்தது அண்ணன் சொன்ன காய்ச்சல். அவர் பயந்ததில் பிழையில்லை. 2024 ஒக்டோபரில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதியான பிறகு எத்தனையோ குடும்பங்களின் கொட்டில் வெறுமையானது. அதற்கு மருந்தும் இல்லை. ஆனால் பயத்துக்கு முன் ஒரு வெப்பமானி வேண்டும். மருந்துக்கடையில் வாங்குகிற சாதாரண டிஜிட்டல் வெப்பமானியின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, பின்வாசலில் வைத்து, சத்தம் கேட்கும்வரை பிடியுங்கள். மறுமுனையில் நூல் கட்டுங்கள், உள்ளே இழுபட்டுப் போவதுண்டு. பன்றிக்குச் சுகமான சூடு 39 பாகை செல்சியஸை ஒட்டியது, மனிதனுக்கு அது காய்ச்சல். ஆபிரிக்கக் காய்ச்சலின் கடுமையான வகையில் 40.5 தொடக்கம் 42 வரை ஏறும், காதும் அடிவயிறும் சிவந்து ஊதா நிறமாகும். உப்பு நஞ்சில் பெரும்பாலும் காய்ச்சல் இராது. ஆனால் வலிப்பு முடிந்த கையோடு அளந்தால் சூடு கூடத்தான் காட்டும், அதனால் அமைதியாகக் கிடக்கும்போது அளவுங்கள். நீங்கள் போனில் வாசித்துச் சொன்னது 39.4. காதில் நிறமாற்றமும் இல்லை என்றீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. இருந்தாலும் டொக்டர் தன் கண்ணால் பார்த்து முடிவு சொல்லும்வரை அந்தக் கொட்டிலிலிருந்து ஒரு பன்றியும் வெளியே போகக் கூடாது.

‘சாக முதல் இறைச்சிக்குக் கொடு’ என்ற பேச்சை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். என்ன நோய் என்று தெரியாத பன்றியை வெட்டி விற்றால், அது ஆபிரிக்கக் காய்ச்சலாக இருக்கும் பட்சத்தில் ஊர் முழுக்க விதைத்ததாகும். அந்தக் கிருமி மனிதருக்குத் தொற்றாதுதான், ஆனால் இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கறிச்சட்டி கழுவிய தண்ணீரும் எலும்பும் இன்னொரு வீட்டுப் பன்றித் தொட்டிக்குத்தான் போகும். உங்கள் வீட்டுக்காரர் ஹொட்டேலில் எடுக்கிற மிச்சத்துக்கும் இதே கதைதான். அதில் பன்றி இறைச்சி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? என்னைக் கேட்டால் அந்த வாளியை நிறுத்திவிடுங்கள். தீனிச் செலவு கூடும், தெரியும். மூன்று பன்றியும் போகிற செலவு அதைவிடப் பெரிது.

தண்ணீர் விஷயத்தில் இனி ஒன்று செய்யுங்கள். 40 கிலோ பன்றிக்கு நாளுக்கு ஐந்து லீட்டராவது வேண்டும், கச்சான் காலத்தில் இன்னும் கூட. பால் கொடுக்கிற தாய்க்கு இருபது லீட்டரும் போதாமல் போகும். ஒரு பழைய பீப்பாயை நிரப்பி மூடி, மோட்டர் நின்றால் பாவிக்க ஒதுக்கி வையுங்கள். பன்றி வாயால் அழுத்திக் குடிக்கிற நிப்பிள் குழாய் பூட்டியவர்கள் கிழமைக்கு ஒருக்கால் அதை அழுத்தி ஒரு போத்தலில் பிடித்துப் பார்க்க வேண்டும், நிமிடத்துக்கு ஒரு லீட்டர் வர வேண்டும். மண் அடைத்துச் சொட்டுச் சொட்டாக வந்தால், குழாய் இருந்தும் பன்றி தாகத்தில்தான் நிற்கும்.

உங்கள் மூன்றில் சுவரில் முட்டியது அன்று மாலையே போய்விட்டது. நீங்கள் அழுததைக் கேட்டேன். இந்த நஞ்சில் வலிப்பு வரை போனவற்றில் பாதிக்கு மேல், என்ன செய்தாலும் தப்புவதில்லை, பிள்ளை. மற்ற இரண்டும் தீனி எடுக்கின்றன என்று நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். அது நீங்கள் இரண்டு இரவு கோப்பையோடு எழும்பியதன் பலன்.

கேள்வி: பெட்டைப் பன்றிக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், நொண்டுகிறது. முதுகிலும் விலாவிலும் சாய்சதுரம் மாதிரிச் சிவந்த தடிப்பு. மஞ்சள் பூசலாமா? (சாம்பல்தீவு)

பதில்: தம்பி, பூச்சு உதவாது. தோலைக் கையால் தடவிப் பாருங்கள், தடிப்புகள் தனித்தனியே மேடாகத் தட்டுப்பட்டால் அது பெரும்பாலும் எரிசிபெலஸ் என்கிற பக்டீரியா நோய். வெள்ளைப் பன்றியில் கண்ணுக்குத் தெரியும், கறுப்பில் விரலுக்குத்தான் தெரியும். பென்சிலினுக்கு நன்றாக அடங்குகிற நோய் இது, ஒரு நாள் முந்தினாலும் வித்தியாசம் தெரியும். இன்றே டொக்டரிடம் சொல்லி ஊசி போடுவியுங்கள். எத்தனை நாள் என்றாரோ அத்தனை நாளும் போடுங்கள், எழும்பி நடக்கிறது என்று இடையில் நிறுத்த வேண்டாம். ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் இறைச்சிக்குக் கொடுக்கக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். இது மனிதக் கைக்கும் தொற்றும். விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொடாதீர்கள்.